அப்பா பெயரில் வந்த பதில்

அத்தியாயம் 17

காலை ஆறு மணிக்குப் போக வேண்டிய பதிவு ஆறரை ஆகியும் போகவில்லை.

ஜாஸ்மின் லேப்டாப்பின் முன்னால் உட்கார்ந்திருந்தாள். திரையில் தேதியும் 'கரையில் ஒரு வார்த்தை' என்ற பெயரும் மட்டும் இருந்தன. கீழே ஒரு வரிகூட இல்லை. பக்கத்தில் கிடந்த போன் அதிர்ந்துகொண்டே இருந்தது. 'ஐயாவுக்கு உடம்பு எப்படி இருக்கு? இன்னிக்கு வார்த்தை வரலியே' என்று மஸ்கட்டிலிருந்து ஒருவர். 'உபதேசியாருக்காக வேண்டிக்கிறோம்' என்று வேளச்சேரியிலிருந்து ஒரு குடும்பம்.

வெளியே மழை பிடித்திருந்தது. பட்டினப்பாக்கம் குடியிருப்பின் மூன்றாம் மாடி ஜன்னலில் கடல் தெரியவில்லை. சாம்பல் நிறம் மட்டும் தெரிந்தது.

பன்னிரண்டு வருடமாக அந்தப் பதிவு ஒரு நாளும் தவறியதில்லை. அவளுடைய அப்பா, விடிவெள்ளி மாதா கோயிலின் உபதேசியார் செபஸ்தியான், அன்றைய பைபிள் வாசகத்தைப் படித்துவிட்டு, கடலுக்குப் போகிறவர்களுக்கும் மீன்கூடை தூக்குகிறவர்களுக்கும் புரிகிற மாதிரி பத்து வரி சொல்வார். மகன் ஜான்தான் அவருக்கு வலைப்பூ ஆரம்பித்துக் கொடுத்தான். பிறகு அது வாட்ஸாப்புக்கும் போனது. வாசகர்கள் தங்கள் வேண்டுதலை, மன்றாட்டை, எழுதி அனுப்ப ஒரு பக்கம் வந்தது. படிக்கிறவர்கள் ஐந்தாயிரத்தைத் தாண்டினார்கள்.

மார்ச் மாதம் பீடத்துக்குப் பக்கத்து அறையான சக்கிறிஸ்தியில் பூசைக்கு விளக்கேற்றிக்கொண்டிருந்தவர் அப்படியே சாய்ந்தார். பக்கவாதம். வலது கை விழுந்தது. பேச்சு போனது. போன பேச்சில் மிஞ்சி நின்றது ஒரே ஒரு சொல்.

"ஆமா."

தண்ணீர் வேணுமா என்றால் ஆமா. வேண்டாமா என்றால் அதற்கும் ஆமா. 'அந்தச் சொல்லுக்கு அர்த்தம் தேடாதீங்க. அவர் சொல்ல நினைக்கிறது வேற, வாயில வர்றது வேற' என்று பேச்சுப் பயிற்சிக்கு வருகிற பெண் சொல்லியிருந்தாள்.

முதல் நாற்பது நாள் அப்பாவின் பழைய பதிவுகளையே எடுத்துப் போட்டார்கள். பிறகு ஜாஸ்மின் எழுத ஆரம்பித்தாள். அப்பாவின் பேச்சு அவளுக்கு அத்துப்படி. அம்மா போன பிறகு அப்பா சொல்லச் சொல்லத் தட்டச்சு செய்தவள் அவள்தான். யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. வாய் குழறினாலும் உபதேசியார் மகளிடம் சொல்லி எழுத வைக்கிறார் என்று கோயில் பங்கு மக்களிடையே ஒரு பேச்சு கிளம்பியது. அதை யார் முதலில் சொன்னார்கள் என்று தெரியாது. ஜானும் ஜாஸ்மினும் மறுக்கவில்லை. அவ்வளவுதான்.

அப்படியே ஆறு மாதம் ஓடிவிட்டது. நேற்று மாலை அந்தச் செய்தி வந்தது.

'நான் கொட்டிவாக்கம் கயல். ஐயாவ நேர்ல பாக்கணும். எங்க அக்கா ஆஸ்பத்திரில கீறா. ஐயா சொன்னதக் கேட்டுதான் போனா.'

குளியலறைக் கதவு திறந்தது. ஜான் அப்பாவைத் தாங்கிக்கொண்டு வந்தான். தினமும் அடையாறிலிருந்து பைக்கில் வந்து அப்பாவைக் குளிப்பாட்டி, உடுத்தி, நாற்காலியில் உட்காரவைத்துவிட்டுத்தான் நந்தனத்தில் ஆபீசுக்குப் போவான். மழையானாலும் தவறமாட்டான்.

"இன்னும் போடலியா நீ?"

"வரல அண்ணா."

"பழசுல ஒண்ண எடுத்துப் போடு. இது இன்னா புதுசா?"

"அந்தப் பொண்ணு இன்னிக்கு வரும்."

ஜான் அப்பாவின் சட்டைப் பொத்தானைப் போட்டுவிட்டான்.

"அப்பா தூங்குறாருன்னு சொல்லி அனுப்பிடு. ஞாயித்துக்கெழம விழா கீது. ஆயர் இல்லத்துலேந்து ஆள் வராங்க. அப்பாவ மேடைல உக்கார வெச்சு மாலை போடப் போறாங்க. அது முடியட்டும்."

"விழா முடிஞ்சா மட்டும் இன்னா மாறிடும்? அப்பா எழுதலன்னு நமக்குத் தெரியும்ல?"

ஜான் அவளைப் பார்த்தான். சிவந்த கண்கள். அவனும் தூங்கியிருக்கவில்லை.

"அப்பாவால எந்திரிக்க முடியாது. பேச முடியாது. அவர் பேரு மட்டும்தான் இன்னும் வெளிய நடமாடிக்கினு கீது. அதையும் படுக்க வெச்சிடணுமா ஜாஸ்மின்?"

அவன் ரெயின்கோட்டை மாட்டிக்கொண்டு இறங்கிப் போனான். அப்பா வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கயல் பத்து மணிக்கு வந்தாள்.

முப்பது வயதிருக்கும். முந்தானையைத் தலையில் போட்டு நனைந்தபடி வந்திருந்தாள். விடிகாலையில் காசிமேட்டில் மீன் எடுத்து, வழியில் இரண்டு தெருவில் விற்றுவிட்டு, காலிக் கூடையைக் கீழே வாட்ச்மேனிடம் விட்டிருந்தாள். ஜாஸ்மின் நீட்டிய துண்டை வாங்கிக் கையை மட்டும் துடைத்தாள்.

"ஐயா கீறாரா?"

"இருக்கார். முதல்ல உக்காருங்க. என்னாச்சு உங்க அக்காவுக்கு?"

கயல் உட்காரவில்லை. நின்றபடியே சொன்னாள்.

அக்கா பெயர் வசந்தி. அடையாறில் இரண்டு வீட்டில் சமையல் வேலை. புருஷன் கோபால். குடித்தாலும் அடிப்பான், குடிக்காவிட்டாலும் அடிப்பான். மே மாதம் காதில் ரத்தம் வந்தபோது வசந்தி துணிப்பையோடு தங்கை வீட்டுக்கு வந்துவிட்டாள். நாலு மாதம் இருந்தாள். முகம் தெளிந்தது. சாப்பிட்டாள். சிரித்தாள்.

"எங்க வீட்ல யாரும் சர்ச்சுக்குப் போறவங்க இல்லம்மா. வேலை பாக்குற வூட்ல ஒரு அம்மா இத அனுப்பி வுட்டாங்க. அதுலேந்து ஐயா எழுதுறதப் படிக்காம அக்கா அடுப்பு பத்த வெக்க மாட்டா. எனக்கும் படிச்சுக் காட்டுவா. ஐயா நம்ம மாதிரி ஜனத்துக்காகவே எழுதுறாருடின்னுவா."

ஜாஸ்மின் சுவரில் சாய்ந்துகொண்டாள்.

"செப்டம்பர்ல ஒரு நாள் காலைல படிச்சா. படிச்சுட்டுச் சும்மா உக்காந்துக்கினு இருந்தா. அப்புறம் போன்ல என்னமோ எழுதினா. கொஞ்ச நேரத்துல பையத் தூக்கிக்கினு கெளம்பிட்டா. எங்கடின்னு கேட்டா, ஐயா போவச் சொல்லிட்டாருங்குறா."

கயல் தன் போனைத் திறந்து நீட்டினாள். அக்காவின் போனிலிருந்து எடுத்து வைத்திருந்த படம். ஜாஸ்மின் படிக்கத் தேவையிருக்கவில்லை. ஒவ்வொரு வரியும் அவளுக்குத் தெரியும்.

'அடித்த கையைப் பிடித்துக்கொள்ளும் மனசுதான் மன்னிப்பு. கோபித்துக்கொண்டு வாசலிலேயே நிற்காதே. உள்ளே போ. உன் வீடு உனக்காகக் காத்திருக்கிறது.'

அன்று காலை ஜானோடு ஒரு சண்டை. அப்பாவுக்கு எந்த மருத்துவரைப் பார்ப்பது என்பதில் ஆரம்பித்து எங்கெங்கோ போன சண்டை. அவன் கோபத்தில் கதவை அடித்துச் சாத்திக்கொண்டு போனான். அப்பாவுக்குக் கஞ்சி ஆறுகிற நேரத்தில், அண்ணனை மன்னிக்கத் தனக்குத் தானே சொல்லிக்கொண்டதை ஜாஸ்மின் எழுதினாள். 'அடித்த கை' என்பது எழுதும்போது அழகாகத் தோன்றியது. நிஜமாகவே அடித்த ஒரு கையை அவள் நினைக்கவே இல்லை.

"இத்தப் படிச்சும் அவ உடனே போவலம்மா. ஐயாகிட்டயே கேட்டிருக்கா. பாரு."

இரண்டாவது படம். மன்றாட்டுப் பக்கத்தில் வசந்தி எழுதியது: 'ஐயா, என் வீட்டுக்காரர் அடிச்சதுல ஒரு காது கேக்கல. நான் திரும்பப் போகணுமா. எனக்காக எழுதினீங்களா. ஒரு வார்த்தை சொல்லுங்க.'

அதற்குக் கீழே, அதே நிமிடத்தில்: 'உங்கள் மன்றாட்டு கிடைத்தது. இன்றைய வார்த்தையே உங்களுக்கான பதில். நம்பிக்கையோடு நடங்கள். அன்புடன், உபதேசியார் செபஸ்தியான்.'

அது ஜான் ஏற்பாடு செய்த தானியங்கிப் பதில். ஒரு நாளைக்கு ஐம்பது அறுபது மன்றாட்டு வருகிறது, எல்லோருக்கும் நம்மால் எழுத முடியாது, பதில் வந்தால் ஜனங்களுக்கு ஆறுதல் என்று சொன்னான். யார் எதை எழுதினாலும் அதே மூன்று வாக்கியம் போகும்.

"போன வெள்ளிக்கெழம ரெண்டாவது மாடிப் படிலேந்து தள்ளிவுட்டான்," என்றாள் கயல். குரலில் ஏற்ற இறக்கமே இல்லை. "இடுப்பு எலும்பு ரெண்டு எடத்துல போச்சு. ஆபரேஷன் ஆச்சு. எந்திரிச்சு நடப்பாளான்னு டாக்டரு சொல்ல மாட்டேங்குறாரு. போலீசு வந்து கேட்டா, கால் வழுக்கிடிச்சுங்குறா. டிஸ்சார்ஜ் ஆனா அவன்கிட்டயே போவாளாம்."

"ஏன்?"

"ஐயா சொல்லிக்கீறாரே. அதான்." கயல் முதல்முறையாக அவள் முகத்தை நேராகப் பார்த்தாள். "நான் சண்டைக்கு வரல. ஐயா பெரியவரு. அவருக்கு எங்க வூட்டு வெவகாரம் தெரிஞ்சிருக்காது. ஒரே ஒரு வார்த்தை. 'வசந்தி, நீ போவாதே'ன்னு போன்ல பேசிக் குடுக்கச் சொல்லு. அவரு சொன்னா கேப்பா. வேற யார் சொன்னாலும் கேக்க மாட்டா."

ஜாஸ்மின் வாயைத் திறப்பதற்குள் உள்ளறையிலிருந்து நாற்காலி நகர்கிற சத்தம் கேட்டது. கயல் அந்தப் பக்கம் நடந்துவிட்டாள்.

செபஸ்தியான் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். வெள்ளைச் சட்டை, வாரிவிட்ட தலை. பார்த்தால் நோயாளி என்று சொல்ல முடியாது. கயல் அவர் காலடியில் தரையில் உட்கார்ந்தாள்.

"ஐயா, நான் வசந்தியோட தங்கச்சி. அங்க பேசினது உங்களுக்குக் கேட்டுச்சா?"

"ஆமா."

"மன்னிப்பப் பத்தி நீங்க எழுதுனீங்களே. அத்த நீங்கதான எழுதுனீங்க?"

"ஆமா."

"அவன் எப்டிப்பட்டவன்னு தெரியாம எழுதிட்டீங்க. இப்ப தெரிஞ்சிடிச்சில்ல. அக்கா திரும்ப அவன்கிட்ட போவணுமாய்யா?"

"ஆமா."

கயல் அடி வாங்கியவள் போல் பின்னால் நகர்ந்தாள்.

"அவ செத்துடுவாய்யா!"

"ஆமா. ஆமா." அப்பாவின் முகம் கோணியது. இடது கை நாற்காலியின் விளிம்பை அடித்தது. கண்ணிலிருந்து நீர் கொட்டிச் சட்டையை நனைத்தது. உதடுகள் எதற்காகவோ போராடின. வந்தது அதே சொல்தான். "ஆமா!"

அறை வாசலில் நின்ற ஜாஸ்மினுக்கு அதற்கு மேல் தாங்கவில்லை.

"அவருக்கு அது ஒண்ணுதான் சொல்ல வரும். நீங்க எதக் கேட்டாலும் அதான் வரும்." அப்பாவின் தோளைப் பிடித்துக்கொண்டு அவள் சொன்னாள். "அப்பா எழுதல. மார்ச் மாசத்துலேந்து அவர் ஒரு வரிகூட எழுதல. நான் எழுதினேன். உங்க அக்கா படிச்சது எல்லாமே நான் எழுதினது."

கயல் கையிலிருந்த போனைப் பார்த்தாள்.

"அப்ப பதிலு?"

"அது மெஷின். யார் எழுதினாலும் அதே பதில்தான் போகும்."

கயல் மெதுவாக எழுந்தாள்.

"உனக்குக் கல்யாணம் ஆயிடிச்சா?"

"இல்ல."

"யார்கிட்டயாவது அடி வாங்கிக்கீறியா? உங்கப்பாகிட்ட? அண்ணன்கிட்ட?"

"இல்ல."

"ம்." கயல் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். "கெளம்பு. அவகிட்ட வந்து நீயே சொல்லு."

எதிர் வீட்டு ஹமீதுன்னிசாவை அப்பாவுக்குத் துணை வைத்துவிட்டு ஜாஸ்மின் கிளம்பினாள். தண்ணீர் தேங்கிய சாலையில் ஆட்டோ முக்கி முனகிப் போனது. வழியில் கயல் தன்பாட்டில் சொன்னாள்: "அவருக்குப் பாவம், இன்னா பேச வந்துச்சோ."

அரசு மருத்துவமனையில் பார்வையாளர் நேரம் தொடங்கியிருந்தது. பெண்கள் எலும்பு முறிவுப் பிரிவு. வரிசையின் கடைசிக் கட்டிலில் வசந்தி படுத்திருந்தாள். காலில் எடை கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். கட்டிலோரம் ஸ்டூலில் உட்கார்ந்து ஒருவன் சாத்துக்குடி உரித்துச் சுளைகளின் கொட்டையை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டிருந்தான். அவ்வளவு பொறுமையாக.

அவன்தான் கோபால் என்று ஜாஸ்மினுக்குப் புரிய ஒரு நொடி ஆயிற்று.

"இவங்க உபதேசியார் வூட்டுப் பொண்ணு," என்றாள் கயல்.

கோபால் எழுந்து கும்பிட்டான். "ஐயா எப்டிக்கீறாரு? எங்க வூடு ஒண்ணானதே ஐயாவாலதாம்மா. அந்த லெட்டர பிரிண்டு எடுத்து செவுத்துல ஒட்டிக்கீறேன். இவ மொறச்சிக்கினா அத்தக் காட்டுவேன். படின்னுவேன்."

கயல் அவனை மருந்துச் சீட்டோடு கீழே அனுப்பினாள். அவன் போனதும் வசந்தியின் தோள்கள் ஒரு விரற்கடை இறங்கின. அதை ஜாஸ்மின் பார்த்தாள்.

"ஐயா வரலியா?" என்றாள் வசந்தி. வலது காதைத் திருப்பிக்கொண்டு கேட்டாள். இடது காது கேட்காது.

ஜாஸ்மின் ஸ்டூலில் உட்காரவில்லை. குனிந்து அந்தக் காதுக்குப் பக்கத்தில் சொன்னாள். மார்ச் மாதம் நடந்ததையும் அதற்குப் பிறகு தான் செய்ததையும் ஒளிக்காமல் சொன்னாள்.

வசந்தி சிரித்தாள். குழந்தை பொய் சொல்வதைக் கேட்டுச் சிரிக்கிற சிரிப்பு.

"இவ உன்ன இட்டுக்கினு வந்து சொல்லச் சொன்னாளா? ஐயா எழுத்து எனக்குத் தெரியாதா? எனக்குத் தனியா பதிலே போட்டாரு. பேரு போட்டு, அன்புடன்னு போட்டு."

"அது யாரும் எழுதினதில்லக்கா. கம்ப்யூட்டர் தானா அனுப்புறது. அன்னிக்கு அம்பது பேருக்கு அதேதான் போயிருக்கும்."

வசந்தியின் முகத்தில் சிரிப்பு அப்படியே நின்றது. பிறகு ஒரு பக்கமாக வடிந்தது.

"அப்ப நான் கேட்டது யாருக்குமே போய்ச் சேரலியா?"

யாருக்கும் சேரவில்லை என்று ஜாஸ்மின் சொல்லியிருக்கலாம். அது சுலபம்.

"எனக்கு வந்துச்சு. நாலு நாள் கழிச்சுப் படிச்சேன்," என்றாள். "ஏற்கெனவே பதில் போயிடிச்சுன்னு பச்சை டிக் இருந்துச்சு. அதனால அடுத்ததுக்குப் போயிட்டேன்."

பக்கத்துக் கட்டிலில் யாரோ இருமினார்கள். வசந்தி கூரையைப் பார்த்தாள்.

"அக்கா, அவர்கிட்ட திரும்பப் போகாதீங்க. போலீஸ்ல உண்மையச் சொல்லுங்க."

"இத்த யாரு சொல்றது?" வசந்தி முகத்தைத் திருப்பாமலே கேட்டாள். "ஐயாவா, நீயா, மெஷினா?"

"நான்."

"நீ யாரு எனக்கு?"

வசந்தி கேட்காத காதைத் தங்கள் பக்கம் திருப்பிக்கொண்டு படுத்துவிட்டாள். கயல் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதாள். கோபால் மருந்தோடு வருவது தூரத்தில் தெரிந்தது.

ஜாஸ்மின் வீடு திரும்பும்போது மணி நாலரை. மழை விட்டிருந்தது. செருப்பைக்கூடக் கழற்றாமல் லேப்டாப்பைத் திறந்தாள். முதலில் அந்தத் தானியங்கிப் பதிலை நிறுத்தினாள். பிறகு எழுதினாள். ஆறு மாதத்தில் முதல்முறையாக, அப்பா எப்படிச் சொல்வார் என்று யோசிக்காமல் எழுதினாள்.

'என் பெயர் ஜாஸ்மின். மே மாதத்திலிருந்து நீங்கள் படித்தவற்றை என் அப்பா எழுதவில்லை. நான் எழுதினேன். உங்களுக்கு வந்த பதில்களை யாருமே எழுதவில்லை. யாராவது உங்களை அடித்தால், நான் எழுதியதை நம்பி அங்கே இருக்காதீர்கள். வெளியே வாருங்கள்.'

ஐந்தேகாலுக்கு அது போனது. நாற்பது பேர் பார்த்தார்கள். பிறகு நூற்றிருபது பேர். முதல் கேள்வி வந்தது: 'இது ஹேக்கா?'

ஐந்து இருபத்தாறுக்கு அந்தப் பதிவு இல்லை.

பக்கத்தைத் திரும்பத் திரும்பத் திறந்து பார்த்தாள். இருந்த இடம் தெரியாமல் போயிருந்தது. உள்ளே நுழையப் பார்த்தாள். கடவுச்சொல் தவறு என்றது. போன் அதிர்ந்தது. ஜான்.

"இன்னா காரியம் பண்ண நீ? ஆபீஸ்லேந்து பாதில கெளம்பிட்டேன். பாஸ்வேர்ட மாத்திட்டேன். யாராச்சும் கேட்டா, ஹேக் பண்ணிட்டாங்கன்னு சொல்லு. நான் வந்துக்கினே கீறேன்."

"அண்ணா, அந்தப் பொம்பளைக்கு ஒரு காது கேக்காது. இடுப்பு ஒடஞ்சு கெடக்குறா. நம்ம பதிலு அவ போன்ல கீது."

மறுமுனையில் சிக்னலில் நிற்கிற வண்டிகளின் ஹாரன் மட்டும் கேட்டது.

"நான் வரேன்," என்றான் மறுபடி. இந்தத் தடவை குரல் உள்ளே போயிருந்தது.

அவள் காத்திருக்கவில்லை. ஹமீதுன்னிசாவிடம் இன்னும் ஒரு மணி நேரம் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு மாதா கோயிலுக்கு நடந்தாள். ஆறு மணிப் பூசைக்கு மணி அடித்தது.

சக்கிறிஸ்தியில் பங்குத்தந்தை உடுப்பு மாட்டிக்கொண்டிருந்தார். ஜூனில்தான் இந்தப் பங்குக்கு வந்தவர், சின்ன வயது. அவள் சொல்லச் சொல்ல அவர் கை இடைக்கயிற்றின் முடிச்சிலேயே நின்றுவிட்டது.

"ஞாயிற்றுக்கிழமை விழா முடிஞ்சதும் நிதானமாச் சொல்லலாமேம்மா. நான் பக்கத்துல இருக்கேன்."

"அதுக்குள்ள இன்னும் எத்தன பேரு எங்க போய் நிப்பாங்களோ, ஃபாதர்."

அவர் முடிச்சை இறுக்கினார். "விழாவ நான்தான் ஏற்பாடு பண்ணேன்," என்றார், தனக்குள் சொல்வது போல. பிறகு: "அறிவிப்பு நேரத்துல கூப்பிடுறேன். சுருக்கமா சொல்லு."

வார நாள் பூசை. அறுபது எழுபது பேர் இருந்தார்கள். மீன் விற்றுவிட்டு வந்தவர்கள், பள்ளிச் சீருடையில் பிள்ளைகள், ஆபீசிலிருந்து நேராக வந்தவர்கள். நற்கருணை முடிந்து எல்லோரும் உட்கார்ந்தார்கள். பங்குத்தந்தை அவளைப் பார்த்துத் தலையசைத்தார்.

முப்பது வருடம் அப்பா நின்று வாசித்த இடம் அது. மைக் அவர் உயரத்துக்கு இருந்தது. அவள் அதைக் கீழே இறக்கினாள். கரகரவென்று சத்தம் வந்தது.

"எல்லாருக்கும் என்னத் தெரியும். உபதேசியார் பொண்ணு," என்றாள். "தினமும் காலைல அப்பா பேர்ல உங்களுக்கு வர்றது அப்பா எழுதுறதில்ல. ஆறு மாசமா நான்தான் எழுதுறேன். அப்பா சொல்லி எழுதுறேன்னு நீங்க நினைச்சீங்க. நானும் நினைக்க விட்டுட்டேன். அப்பாவால ஒரே ஒரு வார்த்தைதான் பேச முடியும். மன்றாட்டுக்கு வர்ற பதில் கம்ப்யூட்டர்ல தானாப் போறது. அப்பாவுக்கு எதுவுமே தெரியாது. தப்பு அவரோடதில்ல."

மேலே மின்விசிறி சுற்றுகிற சத்தம் பெரிதாகக் கேட்டது. முன்வரிசையில் ஒரு வயதான அம்மா ஜெபமாலையை மடியில் போட்டுவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். எங்கோ ஒருவர், "சே" என்றார். அவ்வளவு மெதுவாகச் சொல்லியும் அது கோயில் முழுக்கக் கேட்டது.

பின்வாசலில் ஜான் வந்து நின்றான். மழை மறுபடி பிடித்திருந்தது; ரெயின்கோட்டிலிருந்து தண்ணீர் சொட்டியது. அவன் நடுப்பாதையில் வேகமாக நாலு அடி வைத்தான்.

அப்போது பெண்கள் பக்கம் ஆறாவது வரிசையில் ஒருத்தி எழுந்தாள். நாற்பது வயதுக்குள் இருக்கும். தலையில் முடி இல்லை; பூப்போட்ட துணியை இறுக்கிக் கட்டியிருந்தாள். முன் பெஞ்சைப் பிடித்துக்கொண்டுதான் நிற்க முடிந்தது.

"பாப்பா," என்றாள். கோபமே இல்லாத குரல். "கேன்சர் மருந்த நிறுத்திடலாமா, ஒடம்பு தாங்கலன்னு போன மாசம் ஐயாகிட்ட கேட்டு எழுதினேன். அன்னிக்கு வார்த்தைதான் பதிலுன்னு வந்துச்சு. 'சுமையை இறக்கி வை'ன்னு அதுல இருந்துச்சு. நான் நிறுத்திட்டேன். அப்ப அது யாரு சொன்னது?"

ஜான் நடுப்பாதையில் அப்படியே நின்றுவிட்டான்.

ஜாஸ்மின் மைக்கைப் பிடித்திருந்த கையை எடுத்தாள். படியிறங்கி, அண்ணனைத் தாண்டி, அந்தப் பெண் நின்ற வரிசையை நோக்கி நடந்தாள். அவளுக்குப் பின்னால், ஆண்கள் பக்கத்தில், கையில் போனோடு இன்னொருவர் எழுந்து நின்றார்.